வாக்கிங் போகும்போது கையில் டம்பெல் தேவையா?

கேள்வி இது: அம்மாவுக்கு 58 வயது, 64 கிலோ எடை. சுகர் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. லேசாக பி.பி.யும் உண்டு. தினமும் காலையில் கோவை ரேஸ்கோர்ஸில் 40 நிமிடம் நடக்கிறார். கூட நடக்கும் தோழிகள் இருவர், கைக்கு ஒரு கிலோ வீதம் டம்பெல் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். சீக்கிரம் எடை குறையும், தொங்கும் கைச்சதை இறுகும், எலும்புக்கும் நல்லது என்கிறார்கள். அம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்கலாமா?

டம்பெல்லைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் அது வீட்டிலேயே இருக்கட்டும். ரேஸ்கோர்ஸில் அம்மா வெறுங்கையோடு நடப்பதுதான் நல்லது. அந்தக் கைகளை இப்போது வீசுவதைவிட நன்றாக வீசி நடந்தால் இன்னும் நல்லது. இயன்முறை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கொஞ்சம் விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தோழிகள் சொன்ன மூன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் மறுத்துவிடலாம்.

முதலில் எடை குறையும் என்பதை எடுத்துக்கொள்வோம். கையில் அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பிடித்துக்கொண்டு நடப்பவர்களின் மூச்சை அளந்து பார்த்த ஆய்வுகள் 1980களிலிருந்தே வந்திருக்கின்றன. உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜன், அதாவது எரியும் கலோரி, பொதுவாக 5 முதல் 15 சதவீதம் வரை கூடுகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 5 முதல் 10 வரை ஏறுகிறது. 15 சதவீதம் என்று கேட்டால் பெரிதாகத்தான் தோன்றும். அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஆற்றல் செலவாகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஒரு கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். 64 கிலோ, 40 நிமிடம் என்றால் சுமார் 150 கலோரி. அதில் 5 சதவீதம் 7 அல்லது 8 கலோரி, 15 சதவீதம் 22 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் இருப்பதும் 20 கலோரிக்குச் சற்று முன்பின்தான். 40 நிமிடம் இரண்டு கிலோவைச் சுமந்து, மிக நன்றாகவே செய்தாலும், காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்த பலன்தான் கிடைக்கும்.

அதே 40 நிமிடத்தில், வெறுங்கையோடு, வேகத்தை மட்டும் மணிக்கு 5.6 கிலோமீட்டராகக் கூட்டினால் செலவு 180 கலோரியைத் தாண்டிவிடும். கூடுதலாகக் கிடைப்பது 30 கலோரிக்கு மேல். ஏற்றத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. நடைக்கு ஆகும் ஆற்றலைக் கணக்கிட அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு. டிரெட்மில் பயிற்சிகளைத் திட்டமிடும்போது நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அதன்படி, 100 மீட்டர் நடக்கையில் ஒரே ஒரு மீட்டர் உயரம் ஏறும் சாய்வு இருந்தாலே, அம்மாவின் வேகத்தில் செலவு 12 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கே தெரியாத சாய்வு அது. 5 மீட்டர் ஏறினால் 60 சதவீதத்துக்கு மேல். ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறத்தாழ சமதளம். முழங்கால் ஒத்துழைத்தால் வாரத்தில் ஓரிரு நாள் ஒரு மேம்பாலத்தின் நடைபாதையிலோ, குடியிருப்பின் சரிவுப் பாதையிலோ, மருதமலை அடிவாரத்துச் சாலையிலோ நடந்து பார்க்கட்டும். டம்பெல் தருவதாகச் சொல்லப்படும் பலனைவிட அதிகமாகவே கிடைக்கும், தோளுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. கையில் எடை ஏறியதும் நடை வேகம் குறைந்துவிடுகிறது. நம் ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம், அம்மாவுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடையில் பெரும்பகுதி தோளுக்குப் பக்கத்தில், மேற்கையில் இருக்கிறது. இப்போது தோளிலிருந்து மிகத் தொலைவில், விரல்களுக்குள், ஒரு கிலோவை வைக்கிறோம். கையை முன்னும் பின்னும் வீச ஆகும் உழைப்பு இதனால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. நீளக் கயிற்று ஊஞ்சல் மெதுவாக ஆடும், குட்டைக் கயிற்று ஊஞ்சல் விரைவாக ஆடும் என்பது குழந்தைக்கும் தெரியும். நுனியில் பாரம் ஏறிய கை நீள ஊஞ்சலாகிவிடுகிறது. வலக்கை இடக்காலோடும் இடக்கை வலக்காலோடும் சேர்ந்து வீசுவதால், கை மெதுவானால் காலும் மெதுவாகும். கால் வேகத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் கையை வீசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். பூங்காக்களில் டம்பெல்லோடு நடப்பவர்களைச் சற்றுக் கவனியுங்கள். கை நேராகத் தொங்கும், முழங்கை பூட்டியிருக்கும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும். இரண்டு பைகளில் காய்கறி தூக்கிக்கொண்டு உழவர் சந்தையிலிருந்து திரும்புகிறவரின் நடை அது.

கை வீச்சு நடையோடு ஒட்டிவந்த அலங்காரமில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கையை அசைக்காமல் உடலோடு வைத்து நடந்தவர்களுக்கு இயல்பாக வீசி நடப்பதைவிட 12 சதவீதம் ஆற்றல் கூடுதலாகச் செலவானது. கூடுதல் செலவு நல்லதுதானே, அதற்காகத்தானே நடக்கிறோம் என்று தோன்றலாம். அந்தச் செலவு தசை வளர்வதற்கோ இதயம் வலுப்பெறுவதற்கோ போகவில்லை. ஒவ்வோர் அடியிலும் உடல் திருகுவதைக் கை வீச்சு சமன் செய்கிறது. அது நின்றுவிட்டால் அந்தத் திருகலைக் காலும் இடுப்பும் தாங்க வேண்டியிருக்கிறது. இடுப்பு வலியும் முழங்கால் வலியும் எட்டிப்பார்க்கும் வயதில் இது வேண்டாத வேலை.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதை நம் பாட்டிமார் நன்றாக அறிந்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தார்கள், விறகுக்கட்டைத் தலையில் வைத்தார்கள். கையில் தொங்கவிட்டு மைல் கணக்கில் நடந்தவர் இல்லை. கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 1986இல் வெளிவந்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்து நடந்தபோதும் அவர்களுக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகவே இல்லை. அதற்கும் முன்னால், 1969இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் தலையிலும் கையிலும் காலிலும் எடையை வைத்து நடக்கச் சொல்லி ஒப்பிட்டார்கள். உடலின் ஒரு கிலோவைச் சுமக்க ஆகும் ஆற்றலைப்போலத் தலைச்சுமைக்கு 1.2 மடங்கும், கையில் பிடித்த எடைக்கு அதைவிட அதிகமாக, இரண்டு மடங்குக்குள்ளும், பாதத்தில் கட்டிய எடைக்கு நான்கிலிருந்து ஆறு மடங்கும் செலவானது. உடலின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆடும் இடத்தில் பாரம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிரமம். அந்தச் சிரமத்தை வாங்கிக்கொள்வது பெரிய தசைகள் அல்ல, மூட்டைச் சுற்றியிருக்கும் சின்னத் தசைகளும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும்.

அம்மாவின் விஷயத்தில் என் கவலையெல்லாம் அந்த நாண்களைப் பற்றித்தான். நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தாலும் 40 நிமிடத்தில் 4,000 அடி. ஒவ்வொரு கையும் 2,000 முறை முன்னே போய்ப் பின்னே வரும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அந்த ஒரு கிலோவை நிறுத்தித் திருப்ப வேண்டும். தோள் மூட்டைச் சுற்றி நான்கு சிறிய தசைகள் இருக்கின்றன. மூட்டின் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவாமல் பிடித்துவைப்பது அவற்றின் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அவற்றின் நாண்களில் தேய்மானம் சாதாரணம், பலருக்கு வலியே இல்லாமல் இருக்கும். அந்த நாண்மேல் தினம் இரண்டாயிரம் முறை சிறு இழுப்பு. ஒருநாளில் ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் கழித்து, ஏதோ டப்பாவை மேல்தட்டில் வைக்கும்போது சுருக்கென்று குத்தும்போது, காலை நடையையும் அதையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

சுகர் இருப்பதால் இந்தக் கவலை கூடுகிறது. ஃப்ரோஸன் ஷோல்டர் என்கிற தோள் இறுக்கம் சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. என்னிடம் வரும் பெண்கள் அதை, “கொண்டை போடக் கை எழும்ப மாட்டேங்குது”, “பின்பக்கம் கையைக் கொண்டுபோக முடியல” என்று சொல்வார்கள். டம்பெல் பிடித்து நடப்பதால்தான் அது வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். உள்ளூர இறுகத் தொடங்கிய தோளில் இந்த வீச்சு வலியைக் கிளப்பிவிடும், வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்தால் தோள் மேலும் இறுகும். விரல் மரத்துப்போகும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம். 40 நிமிடம் ஒரு கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பது அதற்கும் நல்லதல்ல.

பி.பி. பற்றியும் சொல்ல வேண்டும். எதையாவது விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் முன்கைத் தசைகள் ரத்தக்குழாய்களை நெரிக்கின்றன. தசைக்கு ரத்தம் போதவில்லை என்ற சேதி மூளைக்குப் போய், உடல் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அரைக் கிலோவைத் தளர்வாகப் பிடித்தால் இது பெரிய ஏற்றமில்லை. புதிதாகப் பிடிக்கிறவர்கள் தளர்வாகப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். கீழே விழுந்துவிடுமோ என்று முஷ்டி வெளுக்கும் அளவுக்குப் பிடிக்கிறார்கள், கூடவே மூச்சையும் அடக்குகிறார்கள்.

கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு பார்ப்பவர்கள், “எடை பிடித்தால் துடிப்பு நன்றாக ஏறுகிறதே, அப்படியென்றால் கொழுப்பும் நன்றாகக் கரைகிறது என்றுதானே பொருள்?” என்பார்கள். ஒரே அளவு ஆக்ஸிஜன் செலவுக்குக் கால்களை வேலை வாங்குவதைவிடக் கைகளை வேலை வாங்கினால் துடிப்பும் அழுத்தமும் அதிகம் ஏறும். அது உடற்கூறு. துடிப்பை வைத்துக் கலோரியைக் கணிக்கும் கடிகாரம் இதை அறியாமல் கூட்டிக்காட்டிவிடும். பி.பி.க்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம்: எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அடங்கியே இருக்கும். ஆகவே அம்மாவுக்குக் கடிகாரத்தைவிடப் பேச்சுதான் நல்ல அளவுகோல். நடந்துகொண்டே தோழியிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். எண்ணிப் பார்க்க விரும்பினால், நிமிடத்துக்கு 100 அடி என்பது பெரும்பாலோருக்கு அந்த வேகத்தின் தொடக்கம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த லெனார்ட் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கையெடையோடு நடப்பதைப் பெரிதாகப் பரப்பினார். ஓட்டமும் நடையும் காலுக்கு மட்டும் வேலை தருகின்றன, கையும் சேர்ந்து உழைத்தால் இதயத்துக்கு இன்னும் முழுமையான பயிற்சி கிடைக்கும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அவர் சொன்ன முறையில் எடை தொங்குவதே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் கையை மார்பளவு, தோளளவு, அதற்கு மேலும் எனத் தூக்கி இறக்க வேண்டும், மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். பலன் தந்தது அந்தத் தூக்கல். எடை அதற்குத் துணை. காலப்போக்கில் தூக்கல் மறைந்து எடை மட்டும் மிஞ்சிவிட்டது. பூங்காக்களுக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த மிச்சம்தான்.

ஆகவே அம்மாவுக்கு அந்தத் தூக்கலைச் சொல்லிக் கொடுங்கள். முழங்கையை எல் வடிவத்தில் மடக்க வேண்டும். விரல்களைத் தளர்வாக மூடிக்கொள்ளலாம், இறுக்க வேண்டாம். கை முன்னே வரும்போது மார்பளவுக்கு உயரட்டும், பின்னே போகும்போது இடுப்பைத் தாண்டட்டும். பின்னே தள்ளுவதில்தான் கவனம் வேண்டும். முன்வீச்சு தானாக வரும். கை உடலுக்குக் குறுக்கே மறுபக்கம் போகக் கூடாது. தோள் காதை நோக்கி ஏறினால் ஒருமுறை மூச்சைவிட்டு இறக்கிக்கொள்ள வேண்டும். மடக்கிய கை குட்டை ஊஞ்சல் என்பதால் விரைவாக ஆடும், காலும் தன்னால் வேகம் பிடிக்கும். எட்டி அடி வைக்கச் சொல்லாதீர்கள், அது குதிகாலையும் முழங்காலையும் அதிரவைக்கும். சின்ன அடியாக, விரைவாக. 40 நிமிடமும் இப்படி நடக்க முடியாது, தேவையும் இல்லை. மூன்று நிமிடம் இப்படி, மூன்று நிமிடம் வழக்கம்போல என்று மாற்றி மாற்றிப் போகலாம். புடவையில் நடப்பவர்களுக்கு முந்தானையைச் செருகிக்கொண்டால்தான் இந்த வீச்சு கைவரும்.

அடுத்தது, தொங்கும் கைச்சதை. இதில்தான் டம்பெல்லுக்கு உண்மையான வேலை இருக்கிறது. மேற்கையின் பின்பக்கத் தசை மெலிந்து, தோலும் கொழுப்பும் தளர்ந்து தொங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஓரிடத்தை அசைப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையை வளர்க்கலாம். ஆனால் தசை வளர அது களைக்க வேண்டும். 12 முறை, அதிகம் போனால் 15 முறை தூக்குவதற்குள் இனி முடியாது என்ற இடத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டாயிரம் முறை வீச முடிகிற எடையை, தசை ஒரு சவாலாகவே எடுத்துக்கொள்ளாது. நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் கர்லாக்கட்டை சுற்றுகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும். காலை ஊன்றி நின்று, மூச்சையும் இடுப்பையும் நிலைநிறுத்திக்கொண்டு, தோளைச் சுற்றிக் கட்டையைக் கொண்டுபோவார்கள். நடந்துகொண்டு சுற்றுவதில்லை. அந்தக் கட்டையை இங்கிருந்து ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது.

வீட்டில் அம்மா செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சுவரில் கை ஊன்றி, உடலைச் சாய்த்து, தள்ளி நிமிர்வது 10 முறை. பின்கைத் தசைக்கும் நெஞ்சுக்கும் இதைவிட எளிய பயிற்சி கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் தொடாமல் எழுவது 10 முறை. டம்பெல்லைத் தொடையருகிலிருந்து தோள்வரை மடக்கித் தூக்குவது 12 முறை. மேசையில் ஒரு கை ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, மறுகையால் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலை இடுப்புவரை இழுப்பது 12 முறை. இதையே ஒரு நிமிட ஓய்வுவிட்டு இன்னொரு சுற்று. இருபது நிமிடம் போதும். வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒருநாளாவது இடைவெளி. கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே தெரியவில்லையென்றால் ஒரு கிலோவை இரண்டு கிலோவாக மாற்றுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடட்டும், ஒருபோதும் அடக்க வேண்டாம். சர்க்கரையால் கண்ணில் லேசர் சிகிச்சை ஏதும் நடந்திருந்தால், எடையைக் கூட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரையும் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைப்பயிற்சி. நம் ஊரில் நடையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது பாதியைப் பெரும்பாலோர் தொடுவதேயில்லை. கையில் எடையோடு நடந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்காதது, அது அம்மாவுக்கு உண்மையாகவே தேவைப்படும் பயிற்சியைத் தள்ளிப்போட வைக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் இடம் தசைதான்.

எலும்புக்கு நல்லதா என்றால், ஒரு கிலோவை வீசுவதில் எலும்புக்கு எந்த அவசரமும் தெரியாது. எலும்பு கனத்த பாரத்துக்குத்தான் பதில் சொல்லும். ஆஸ்திரேலியாவில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், எட்டு மாதம் கண்காணிப்போடு கனமான எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. அவர்கள் தூக்கியது தங்களால் அதிகபட்சம் தூக்க முடிந்ததில் 80 சதவீதத்துக்கும் மேல். அம்மா நாளையே அதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, தேர்ந்த பயிற்சியாளர் அருகில் இல்லாமல் செய்யவும் கூடாது. மாறாக, எலும்பு மெலிந்தவர்கள் முதலில் பயப்பட வேண்டியது விழுவதற்கு. இரண்டு கையிலும் இரும்பு இருக்கும்போது நடைபாதைக் கல் தடுக்கினாலோ, நாய் குறுக்கே வந்தாலோ, கை ஊன்றித் தாங்கிக்கொள்ள வழியில்லை.

அப்படியானால் யாருமே எடையோடு நடக்கக் கூடாதா? அப்படியில்லை. முழங்கால் காரணமாக வேகம் கூட்ட முடியாதவர்கள், சின்னப் பூங்காவில் கூட்டத்துக்கு நடுவே மெதுவாகத்தான் நடக்க முடிகிறவர்கள், ஏற்றமே இல்லாத ஊரில் இருப்பவர்கள், தோளும் கழுத்தும் நன்றாக இருந்தால் முயலலாம். முதலில் மூன்று நான்கு வாரம் நான் சொன்ன மடக்கிய கை வீச்சை எடையில்லாமல் பழகட்டும். பிறகு கைக்கு அரைக் கிலோ, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் சரியாக அந்த எடை. நடையின் நடுவில் ஐந்து நிமிடம் மட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். எத்தனை மாதம் பழகினாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். கை தளர்ந்து தொங்கத் தொடங்கியதும் எடையைக் கீழே வைத்துவிட வேண்டும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கையில் தோள் வலித்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். அம்மாவின் தோழிகளுக்கு இப்போது எந்த வலியும் இல்லையென்றால் அவர்களைப் பயமுறுத்த வேண்டாம், முழங்கையை மடக்கச் சொன்னால் போதும். கழுத்தெலும்புத் தேய்மானத்தால் கைக்கு வலி இறங்குகிறவர்கள், பி.பி. கட்டுக்குள் வராதவர்கள், மார்பெலும்பை அறுத்து இதய அறுவை செய்து மூன்று மாதம் ஆகாதவர்கள், புதிதாகப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

கடையில் டம்பெல் வாங்கப் போனால் மணிக்கட்டில் சுற்றும் பட்டை, கணுக்காலில் கட்டும் பட்டை, எடை வைத்த மேலாடை எல்லாம் காட்டுவார்கள். மணிக்கட்டுப் பட்டை டம்பெல்லைவிட மேல், பிடிக்கும் வேலை இல்லாததால் முன்கை இறுகாது. தோள் கணக்கு அப்படியேதான் இருக்கும். கணுக்கால் பட்டையோடு நடக்கவே வேண்டாம். முன்னே சொன்ன நான்கு முதல் ஆறு மடங்கு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், முழங்காலும் இடுப்பும் அதற்கு விலை கொடுக்கும். உட்கார்ந்த இடத்தில் காலை நீட்டித் தூக்கும் பயிற்சிக்கு அது பயன்படும், அவ்வளவே. மேலாடை, பாரத்தை உடலின் நடுவிலேயே வைப்பதால் இந்த நான்கிலும் நியாயமானது. ஆனால் எடை குறைக்க வேண்டிய ஒருவர் முழங்கால்மேல் இன்னும் எடை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைக்கும் சேர்த்து வேலை வேண்டும் என்று ஆசைப்பட்டால் நார்டிக் நடைக்கோல் ஒரு ஜோடி வாங்கலாம். பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர்கள் கோடைப் பயிற்சிக்காகக் கோல் ஊன்றி நடந்ததிலிருந்து வந்தது அது. கோலைப் பின்னே ஊன்றித் தள்ளும்போது தோள், முதுகு, பின்கை எல்லாம் உழைக்கும். தடுமாறினால் கோலே தாங்கும். ரேஸ்கோர்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அம்மாவுக்கு சுகர் இருப்பதால் கடைசியாக ஒன்று. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளை ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒருமுறை 30 நிமிடமும், இன்னொரு கட்டத்தில் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் 10 நிமிடமும் நடக்கச் சொன்னார்கள். உணவுக்குப்பின் நடந்தபோது, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப்பின் பலன் இன்னும் தெளிவு. காலை நடையை அப்படியே வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ பத்து நிமிடம் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த டம்பெல்லாலும் தர முடியாத பலன் அதில் இருக்கிறது. அவர் எடுக்கும் மாத்திரை சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கக்கூடிய வகையா என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். ஆம் என்றால் காலை நடைக்குப் போகும்போது இடுப்புப் பையில் இரண்டு குளுக்கோஸ் மிட்டாயும், பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும்.